ஸ்பீக்கர் இல்லாமல் போடக் கூடாது

திங்கட்கிழமை பெட்டி வந்தது.
வெறும் பெட்டி. தேக்கு.
கருங்கல்லிலிருந்து ஏசுவடியான்
ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.
முன்துணி கிழிந்திருந்தது. துணிக்குப் பின்னால்
ஓரம் செல்லரித்த ஸ்பீக்கர் மட்டும்.
"உள்ளே இருந்தது எங்கே?"
"அது வேண்டாம். பாலிஷ் போட்டுத் தா பிள்ளே.
மக வீட்டுல மீன்தொட்டி வைக்கதுக்காக்கும்."

வியாழக்கிழமை, குளச்சல் பஸ்ஸில்,
சாக்குக்குள் சேஸிஸ் வந்தது.
ஞானாபரணம் என்று பெயர் சொன்னார்.
ஐந்து வால்வு, ஒரு மாயக்கண்,
உப்புக்காற்று தின்ற தகடு,
காண்டென்சர் வழிந்த மெழுகில்
ஒட்டிச் செத்த பல்லி.
ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில்
சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள்.
"பாட வைக்கணும்."
"பெட்டி?"
"பெட்டிக்க பேச்சு எடுக்காதே பிள்ளே."

தக்கலையில், தையல்கடைப் பின்னறையில்
எனக்கு ஒரே மேசை.
இரண்டும் அதில்தான் கிடந்தன.
பெட்டியின் அடிப்பலகையில் நான்கு துளை,
ஒவ்வொன்றின் வாயிலும் பாதி ரப்பர்.
சேஸிஸைக் கவிழ்த்தேன்.
நான்கு மூலையிலும் மீதி ரப்பர்.
கழற்றியதல்ல, இழுத்துப் பிய்த்தது.
ஸ்பீக்கர் வயரைப்
பல்லால் கடித்திருந்தார்கள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
பதினெட்டு சென்ட் ரப்பர் விளை,
ஏழு வருஷக் கேஸ் என்று
பட்டன் தைத்துக்கொண்டே ரோஸ்லெட்தான் சொன்னாள்.

வெள்ளி முழுக்க சால்டரிங் புகை.
பதினோரு காண்டென்சர் மாற்றினேன்.
அறுந்த டயல் கயிற்றுக்குத் தங்கூசி கட்டினேன்;
முள் ரங்கூன் வரை போனது,
கராச்சியில் கொஞ்சம் திக்கியது.
இருநூற்றைம்பது வோல்ட்டுக்கு முன்னால்
ஒரு கையை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு
நிற்க வேண்டும்.
இரண்டு கையும் கொடுத்தால் நெஞ்சு வழியாகப் போகும்.

ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு செட்டைப் போடக் கூடாது.
வெளியேற வழியில்லாத சத்தம்
உள்ளேயே முட்டி டிரான்ஸ்பார்மரை எரித்துவிடும்.
என்னிடம் வேறு ஸ்பீக்கர் இருந்தது.
இரண்டு இருந்தது. பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை ஏழே முக்கால்.
தையல் மெஷின்கள் ஓய்ந்த பிறகு
செல்லரித்த ஓரத்தில் மெல்லிய தாள் ஒட்டி,
கடித்த வயரை முறுக்கிப் பற்றவைத்து,
பாலிஷ் காயாத பெட்டிக்குள்
சேஸிஸை மெதுவாகத் தள்ளினேன்.
அது வழி தெரிந்த மாடு போலப் போனது.

அறுபது வாட் பல்பை வரிசையில் கோத்து
ஸ்விட்சைப் போட்டேன்.
பல்பு பளிச்சென்று எரிந்தது.
அணையாமல் இருந்தால் செட்டு செத்தது.
மங்கியது.
பிறகு அரை நிமிஷம் ஒன்றுமில்லை.
பச்சைக் கண் விழித்து, கூசி,
எதையோ பிடித்துக்கொண்டு நின்றது.
ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து
மலையாளத்தில் ஒரு ஆண்குரல்:
ரப்பர் ஷீட், கிலோவுக்கு,
விலை சொல்லும் இடத்தில்
எவர் வீட்டு இன்வெர்ட்டரோ கரகரத்தது.
நான் தனியாகச் சிரித்தேன்.

அப்புறம் பிரித்து வைத்தேன்.

திங்களன்று ஞானாபரணம் வந்தார்.
"ஸ்பீக்கர் இல்லாமப் போடக் கூடாது, எரிஞ்சிரும்."
"பாடுமா?"
"பாடிச்சு."
"எதுல?"
நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.
சேஸிஸ் ஓரத்தில் ஒட்டியிருந்த பாலிஷை
நகத்தால் சுரண்டி
மூக்கருகே கொண்டுபோனார்.
வெகுநேரம் அப்படியே நின்றார்.
"அவன் என்னைக்கு வாறான்?"
"நாளைக்கு."

பணத்தை எண்ணி வைத்தார்.
சேஸிஸை எடுக்கவில்லை.
சாக்கை மட்டும் மடித்துக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
குளச்சல் பஸ்ஸுக்கு நடந்தார்.
நாளை வருவதாகவும் சொல்லவில்லை,
வரமாட்டேன் என்றும்.

புது ரப்பர் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன்.
ஒன்று மூன்று ரூபாய்.
பன்னிரண்டு ரூபாயை
யார் பேரில் எழுத என்றுதான்
தெரியவில்லை.